பெயர் ஏட்டில், எலும்பு குழியில்

1996ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள டௌட்டன் என்ற சிற்றூரில், ஒரு பழைய மாளிகைக்குக் கார் ஷெட் கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வரத் தொடங்கின. பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் தொல்லியல்காரர்களும் வந்து முறையாகத் தோண்டிப் பார்த்தபோது, ஒரே குழியில் குறைந்தது 37 ஆண்கள் கிடந்தார்கள். சிலருக்குத் தலை மேற்கே, சிலருக்குக் கிழக்கே. இடத்தை மிச்சம் பிடித்து அடுக்கியிருந்தார்கள். உடம்பில் கவசமோ ஆயுதமோ இல்லை. வயது பதினாறிலிருந்து ஐம்பது வரை.

அந்த ஊரில் 1461 மார்ச் 29 அன்று ஒரு போர் நடந்தது. குருத்தோலை ஞாயிறு, பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் என்ற இரு அரச கிளைகள் அடித்துக்கொண்ட ரோஜாப் போர்களில் மிகக் கொடூரமான நாள் அதுதான் என்பார்கள். குழியில் கிடந்தவர்கள் அன்று செத்தவர்கள்.

அவர்களில் ஒருவரை ஆய்வாளர்கள் ‘டௌட்டன் 25’ என்று அழைக்கிறார்கள். நாற்பதை ஒட்டிய வயது. மண்டையோட்டில் ஆறிப்போன பழைய காயம் ஒன்று உண்டு. ஆகவே அதற்கு முன்பும் சண்டை பார்த்த ஆள். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் தலையில் எட்டு வெட்டு. முதலில் விழுந்தவை நெற்றியின் இடப்பக்கம், வலக்கைக்காரன் எதிரே நின்று வெட்டியவை. பிறகு பின்மண்டையைப் பிளந்த ஒரு வீச்சு. கடைசியில், விழுந்து கிடந்தவரைப் புரட்டிப் போட்டு முகத்தின் குறுக்கே ஒன்று. எந்த வெட்டு முந்தியது, எது பிந்தியது என்பதுகூட எலும்பின் விரிசல்களை வைத்துத் தெரிகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், அவர் பெயர் 25தான்.

இதைத் தொழில்நுட்பம் இல்லாத காலத்தின் குறை என்று தள்ளிவிடத் தோன்றும். கழுத்தில் அடையாளத் தகடு தொங்கவிடும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் படைகளுக்கு வருகிறது. 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கோல்ட் ஹார்பர் என்ற இடத்தில் வீரர்கள் தாக்குதலுக்கு முந்திய இரவு தங்கள் பெயரைத் தாளில் எழுதிச் சட்டை முதுகில் குத்திக்கொண்டதாக ஒரு படை அதிகாரி நினைவுகூர்கிறார். ஆனால் இடைக்காலப் போர்க்களத்தில் பிணங்களை அடையாளம் காண ஆட்களே இல்லை என்று நினைத்தால் தவறு. இருந்தார்கள். அதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரைத் தேடினார்கள் என்பதுதான் விஷயம்.

ஹெரால்ட் என்று பெயர். கட்டியக்காரர், தூதர், விழா நடத்துபவர் எல்லாம் அவர்களேதான். ஆனால் அவர்களுடைய அசல் வித்தை சின்னங்களைப் படிப்பது. நீலத் தரையில் மூன்று தங்க அல்லி என்றால் பிரெஞ்சு அரசர், சிவப்பில் மூன்று தங்கச் சிங்கம் என்றால் இங்கிலாந்து என்று தொடங்கி, நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கேடயச் சின்னங்கள் அவர்களுக்கு மனப்பாடம். எந்த வண்ணத்தின் மேல் எந்த உருவம், மூத்த மகனா இளைய மகனா என்பது வரை சொல்லிவிடுவார்கள். போர் முடிந்ததும் களத்தில் நடந்து, மேலங்கியில் தைத்திருக்கும் சின்னத்தைப் பார்த்து, இன்னார் மகன் இன்னார் என்று எழுத்தரிடம் சொல்வது அவர்கள் வேலை.

1346இல் பிரான்சின் கிரெஸியில் இங்கிலாந்திடம் பிரெஞ்சுப் படை நொறுங்கிய மறுநாள் இப்படித்தான் கணக்கெடுத்தார்கள். இங்கிலாந்து அரசரின் எழுத்தர்களில் ஒருவரான மைக்கேல் நார்த்பர்க், படையோடு இருந்தபடியே ஊருக்கு எழுதிய கடிதத்தில் தொகையைத் தருகிறார்: நல்ல குதிரைப்படை வீரர்கள் 1,542 பேர். கூடவே ஒரு குறிப்பு. பொதுமக்களையும் காலாட்களையும் சேர்க்காமல் என்கிறார். நம்மூர் எஸ்டிமேட்டில் ‘வரி நீங்கலாக’ என்று போடுவார்களே, அப்படி ஒரு வரி. அந்த நீங்கலுக்குள் எத்தனை ஆயிரம் பேர் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. 1,542 என்று கடைசி எண் வரை எண்ண முடிந்ததற்குக் காரணம், அந்த 1,542 பேரும் படிக்கக்கூடிய துணி உடுத்தியிருந்தார்கள்.

டௌட்டனிலும் இதே கதை. போர் முடிந்து ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 4 அன்று, பாஸ்டன் என்ற நார்ஃபோக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் போகிறது. அதோடு ஒரு துண்டுச் சீட்டு. அதில் இறந்த பிரபுக்கள், நைட்டுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பிறகு ஹெரால்டுகள் எண்ணியபடி 28,000 என்று ஒரு தொகை. இந்த எண்ணை இன்று பல வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. மைல் கணக்கில் பரந்த களத்தில், பனியில் புதைந்தும் ஓடையில் மிதந்தும் கிடந்த பிணங்களைச் சில நாட்களில் யார் ஒவ்வொன்றாக எண்ணியிருக்க முடியும்? எண் சரியோ தவறோ, சீட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்குப் பெயர். கீழே இருப்பவர்களுக்கு மொத்தம்.

ஏன் இந்தப் பாகுபாடு என்றால், பிரபு செத்ததை உறுதிசெய்வதில் பணம் இருந்தது. உயிரோடு பிடிபட்டால் மீட்புத்தொகை. செத்தால் நிலம் யாருக்கு என்ற கேள்வி. அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், எந்த நாளில் இறந்தார், வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது என்று விசாரணை நடத்தி ஆவணம் எழுதுவார்கள். எதிரி பிரபுவாக இருந்தால் துரோகி என்று அறிவித்துச் சொத்தைப் பறிமுதல் செய்யலாம். டௌட்டனில் யார்க் தரப்பு வென்ற பிறகு 1461 நவம்பரில் கூடிய பாராளுமன்றம் நூற்றுக்கும் மேற்பட்டோரை, செத்தவர்களையும் சேர்த்துத்தான், அப்படிப் பெயர் சொல்லி அறிவித்தது. பறிக்க ஒன்றும் இல்லாதவனின் பெயரைப் பட்டியலில் சேர்த்து என்ன பயன்?

துணியை நம்பிய இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. துணி போனால் ஆளும் போனார். 1415இல் பிரான்சின் அஜின்கூரில் இங்கிலாந்துப் படையோடு நடந்த போருக்கு, பிரெஞ்சுத் தரப்பில் சேரப் பிராபன்ட் கோமகன் அந்தோணி தாமதமாக ஓடிவந்து சேர்ந்தார். அவருடைய சொந்தக் கவசமும் சின்ன அங்கியும் பின்னால் வந்துகொண்டிருந்தன. காத்திருக்கப் பொறுமையில்லாமல், ஊதுகொம்புக்காரரின் கொடியைக் கழற்றி, நடுவே ஓட்டை போட்டு, தலைவழியாக மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். பிடிபட்டார். பிடித்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாததால், பெருந்தொகை கொண்டுவந்திருக்கக்கூடிய அந்த மனிதர் மற்ற கைதிகளோடு சேர்த்துக் கொல்லப்பட்டதாகச் சொல்கிறார்கள்.

கொல்லப்பட்ட பிறகு நடப்பது இன்னும் மோசம். கவசம் விலையுள்ள பொருள், கம்பளி விலையுள்ள பொருள், காலணியும் அப்படியே. வென்ற படை முதலில் உருவும். மிச்சத்தைச் சுற்றுப்பட்டுக் கிராமத்தார் இரவோடு இரவாக உருவுவார்கள். இரண்டு நாளில் களத்தில் கிடப்பது வெறும் உடம்புகள். அப்போது கோமகனுக்கும் கூலிக்காரனுக்கும் வித்தியாசம் இல்லை.

இங்கேதான் நம்மூர்ப் பள்ளிக்கூட டி.சி.யில் எழுதுவார்களே, அந்த ‘அங்க அடையாளங்கள்’ வேலைக்கு வருகின்றன. பர்கண்டி கோமகன் சார்லஸ் 1477 ஜனவரி 5 அன்று நான்சி நகருக்கு வெளியே செத்தார். இரண்டு நாள் கழித்து, உறைந்த நீரில், நிர்வாணமாக, ஓநாய் கடித்த முகத்தோடு கண்டெடுத்தார்கள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவருடைய ஏவல் பையனும் மருத்துவரும் வந்து பார்த்தார்கள். விழுந்துபோன மேல்வரிசைப் பற்கள், வழக்கமாக நீளமாக வளர்த்திருந்த நகங்கள், முந்திய போரொன்றில் வாங்கிய பழைய தழும்பு. ஆம், இவர்தான் என்றார்கள். 1066இல் ஹேஸ்டிங்ஸில் இறந்த அரசர் ஹரால்டைப் பற்றியும் இப்படி ஒரு கதை வால்தம் மடத்து நாளேட்டில் இருக்கிறது. சிதைந்த பிணங்களுக்கு நடுவே அவரைக் கண்டுபிடித்தது அவரோடு வாழ்ந்த ஈடித் என்ற பெண், அவளுக்கு மட்டுமே தெரிந்த உடற்குறிகளை வைத்து.

டௌட்டன் 25க்கும் தழும்பு இருந்தது. அதே குழியில் இன்னொருவருக்குத் தாடையில் ஆழமான பழைய வெட்டு, நன்றாக ஆறி, முகத்தையே கோணலாக்கியிருக்கும். தெருவில் ஒருமுறை பார்த்தவர்கள்கூட மறக்க முடியாத முகம். ஆனால் அந்த முகத்தை அறிந்தவர்கள் எங்கே? சாதாரண வீரர்களைத் திரட்டியது ஊர்வாரியாக, பிரபுவாரியாக. ஒரே ஊர்க்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தோற்ற அணியில் அவனை அடையாளம் சொல்லக்கூடிய நண்பன் ஓடிக்கொண்டிருந்தான், அல்லது அதே குழியில் அவனுக்குக் கீழே கிடந்தான். வென்றவனுக்கு அந்தத் தழும்பு வெறும் தழும்பு.

போர்க்களத்தில் பிணங்களைப் புரட்டிப் புரட்டி மகனைத் தேடிய முதிய தாயின் சங்கப்பாட்டு நமக்குப் பாடப்புத்தகக் காலத்திலிருந்தே பழக்கம். அந்தப் பாட்டு சாத்தியமாவதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை: களம் தாய் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சாதாரண வீரனிடம் அடையாளமே இல்லையா என்றால், இருந்தது. பிரபுவின் சீருடை நிறம், மார்பில் தைத்த சின்னம். 1385இல் இரண்டாம் ரிச்சர்டின் படை விதிகள் ஒவ்வொருவரும் முன்னும் பின்னும் புனித ஜார்ஜின் சிவப்புச் சிலுவை அணிய வேண்டும் என்றன. இவை எல்லாம் உயிரோடு இருக்கும்போது பயன்படுபவை. நம்மாள் நம்மாளையே வெட்டிவிடக் கூடாது என்பதற்காக. அதிலும் சறுக்கல் உண்டு. 1471இல் பார்னெட் மூடுபனியில், ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் கதிர் வீசும் நட்சத்திரத்தை எதிரியான யார்க் அரசர் எட்வர்டின் கதிர் வீசும் சூரியன் என்று நினைத்துச் சொந்தக் கூட்டாளிகளே அம்பு விட்டார்கள். அந்தச் சின்னம் இவன் யாருடைய ஆள் என்று சொல்லும். இவன் யார் என்று சொல்லாது.

ஆக, காலாளின் பெயரை யாருமே எழுதவில்லையா? எழுதினார்கள். எழுதியவர் ஹெரால்ட் இல்லை, கணக்குப்பிள்ளை.

அஜின்கூருக்குப் போன இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றியின் படை ஒப்பந்தச் சம்பள முறையில் திரண்டது. ஒவ்வொரு தலைவரும் இத்தனை வில்லாளி, இத்தனை கவச வீரர் கொண்டுவருகிறேன் என்று அரசரோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்வார். வில்லாளிக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ், கவச வீரருக்கு 12 பென்ஸ். சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து முன்பணமாக வரும். அப்படியானால் ஆள் நிஜமாகவே வந்தாரா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் மஸ்டர் ரோல். நூறு நாள் வேலையில் பெயர் விடுபட்டுவிட்டது என்று பஞ்சாயத்து ஆபீஸில் சண்டை போடுவார்களே, அதே வார்த்தை, அதே காகிதம். போரிலிருந்து திரும்பிய பிறகு தலைவர்கள் கணக்கு ஒப்படைக்க வேண்டும்: ஹார்ஃப்லர் முற்றுகையில் வயிற்றுப்போக்கில் செத்தவர் இன்னார், நோயாளியாக ஊர் திரும்பியவர் இன்னார், காவலுக்கு அங்கேயே நிறுத்தப்பட்டவர் இன்னார், சண்டையில் செத்தவர் இன்னார். 

இந்த ஏடுகள் லண்டனில் இன்றும் இருக்கின்றன. ரெடிங், சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 1369க்கும் 1453க்கும் இடைப்பட்ட காலத்து மஸ்டர் ரோல்களையும் பிற படை ஆவணங்களையும் கணினியில் ஏற்றி, சுமார் 2.5 லட்சம் பதிவுகளை யார் வேண்டுமானாலும் தேடும்படி வைத்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆறு பென்ஸ் வில்லாளிகளின் பெயர்கள், வரிக்கு வரி. ஆனால் ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட், ராபர்ட் என்ற ஐந்தாறு பெயர்களுக்குள் பெரும்பாலானோர் அடங்கிவிடுவார்கள். எந்த ஜான் எந்த ஊர் ஜான் என்பது அடுத்த தலைவலி.

விசித்திரம் இதுதான். அஜின்கூருக்குப் பெயர்கள் இருக்கின்றன, எலும்புகள் இல்லை. இங்கிலாந்து தரப்பில் இறந்த யார்க் கோமகனின் உடலை வேகவைத்து, சதையைப் பிரித்து, எலும்பை மட்டும் ஊருக்கு எடுத்துச் சென்று ஃபாதரிங்கேயில் புதைத்தார்கள். மற்றவர்களை ஒரு களஞ்சியத்தில் போட்டுக் கொளுத்தியதாக நாளேடுகள் சொல்கின்றன. பிரெஞ்சுத் தரப்பில் பிரபுக்களின் வேலைக்காரர்கள் வந்து தங்கள் எசமானர்களைத் தேடி எடுத்துப்போனார்கள். எடுத்துப்போக யாரும் இல்லாதவர்களுக்கு ஒரு சதுர நிலத்தை அளந்து, மூன்று நீளக் குழி வெட்டி, 5,800 பேரைப் புதைத்தார்கள் என்று நாளேட்டாளர் மோன்ஸ்ட்ரெலே எழுதுகிறார். ஆயர் வந்து அந்த மண்ணை மந்திரித்துக் கொடுத்தார். அந்தக் குழிகள் எங்கே என்பது இன்றுவரை உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை.

டௌட்டனுக்கு நேர் எதிர். எலும்பு கையில் இருக்கிறது. அது உள்நாட்டுச் சண்டை, வெளிநாட்டுப் படையெடுப்பு போல ஆளுக்கு ஆள் மஸ்டர் ரோல் நமக்கு வந்து சேரவில்லை. ஏடும் எலும்பும் ஒரே இடத்தில் சந்திப்பதே இல்லை.

பெயர் தெரியாமல் போனதற்கு விலை கொடுத்தது வீட்டிலிருந்தவள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப் மூன்றாம் கிளெமென்ட் ஒரு தீர்ப்பு தந்தார்: கணவன் சிறைப்பட்டோ யாத்திரை போயோ ஏழு ஆண்டுக்கு மேல் திரும்பாவிட்டாலும், அவன் செத்தான் என்ற உறுதியான செய்தி வராமல் மனைவி மறுமணம் செய்யக் கூடாது. இது திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் ஏறிவிட்டது. நம் சாட்சியச் சட்டத்திலும் அந்த ஏழாண்டுக் கணக்கு உண்டு. ஏழாண்டு தகவலே இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம். அன்றைய திருச்சபை அந்தச் சலுகையைக்கூடத் தரவில்லை. கோமகனின் மனைவிக்கு ஹெரால்ட் சொன்ன சொல் போதும். வில்லாளியின் மனைவிக்கு, கூடப்போய் உயிரோடு திரும்பிய எவனாவது ஒருவன் ‘நான் கண்ணால் பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டும்.

பால்டிக் கடலிலுள்ள கோட்லாந்து தீவின் விஸ்பி நகரில் அந்தச் சொல்லைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள் என்றே நினைக்கிறேன். 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் அரசர் வால்டமாரின் பயிற்சி பெற்ற படை, தீவின் விவசாயிகளை நகர மதிலுக்கு வெளியே வெட்டிச் சாய்த்தது. ஜூலை வெயிலில் பிணங்கள் சீக்கிரம் அழுகியதால் சங்கிலிக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் பலரைப் புதைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது 1,185 பேரின் எச்சம் வெளிவந்தது. தீவுத் தரப்பில் செத்தவர்களில் கணிசமானோர் பதின்ம வயதுப் பையன்கள், கிழவர்கள், ஊனமுற்றவர்கள். அங்கே ஒரு கல்சிலுவை நிற்கிறது. இன்ன ஆண்டு, இன்ன கிழமை, விஸ்பி வாசலில் கோட்லாந்தார் டேனியர் கையில் வீழ்ந்தார்கள், இங்கே புதைக்கப்பட்டார்கள், அவர்களுக்காக ஜெபியுங்கள் என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. தனிப்பெயர் ஒன்றும் இல்லை. அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் குடும்பப் பெயர் சொல்ல முடிகிற ஆள், இன்றைய நெதர்லாந்திலுள்ள ஃப்ரீஸ்லாந்தின் ரூர்டா குடும்பச் சின்னம் பதித்த இடைவாரோடு கிடந்தவர். கொல்ல வந்த பக்கத்து ஆள். அங்கேயும் கடைசியில் சின்னம்தான் பேசியது.

இன்றைய அறிவியல் இந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஓரளவு செய்கிறது. பல்லின் எனாமல் குழந்தைப் பருவத்தில் உருவாகிறது. அப்போது குடித்த நீர், தின்ற தானியம் விளைந்த மண் இவற்றின் ரசாயனச் சுவடு அதில் தங்கிவிடும். அதை வைத்து ஆள் வளர்ந்த வட்டாரத்தை ஊகிக்கலாம். தோள் எலும்பு ஒன்றாகச் சேராமல் தனித்து நின்றால், சிறுவயதிலிருந்தே கனமான வில் இழுத்தவனாக இருக்கலாம். டௌட்டன் குழியில் அப்படிச் சிலர் உண்டு. லெபனானின் சீதோனில் சிலுவைப்போர்க் காலப் புதைகுழியில் கிடந்த ஒன்பது ஆண்களின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள்: சிலர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், சிலர் உள்ளூர்க்காரர்கள், இருவர் கலப்பு. 1253இல் அதே சீதோனில் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி, நாறிப்போன பிணங்களைத் தன் கையாலேயே சுமந்து புதைத்ததாக அவரோடு சிலுவைப்போருக்குப் போயிருந்த ஜாயின்வில் எழுதியிருக்கிறார்.

வட்டாரம், தொழில், வம்சம் வரை வரலாம். பெயர் வராது. மரபணு என்பது ஒப்பீடு. ஒப்பிட இன்னொரு முனை வேண்டும். 2012இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்தத்தின் அடியில் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்டுடையது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவருடைய அக்கா ஆன் வழியாகத் தாய்வழிச் சந்ததியைத் தலைமுறை தலைமுறையாக இன்றுவரை பின்தொடர முடிந்தது. அரச குடும்பத்து வம்சாவளியை யாராவது எழுதிக்கொண்டே வந்திருந்தார்கள். டௌட்டன் 25க்கு அக்கா இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் இவற்றைப் பங்குக்கோயில்கள் பதிவுசெய்ய வேண்டும் என்று உத்தரவு வந்ததே 1538இல்தான். அவர் செத்து 77 ஆண்டு கழித்து.

இந்த மூன்றாம் ரிச்சர்டுதான், தன் அண்ணன் எட்வர்ட் ஜெயித்த டௌட்டன் களத்தில் கண்டபடி புதைக்கப்பட்டுக் கிடந்தவர்களின் எலும்புகளை எடுத்துப் புனித மண்ணில் மறுஅடக்கம் செய்யவும், அங்கே ஒரு ஜெபக்கோயில் கட்டவும் 1480களில் பணம் ஒதுக்கியவர். பக்கத்து சாக்ஸ்டன் கோயில் முற்றத்தில் அந்தப் போரில் செத்த டேக்கர் பிரபுவின் கல்லறை இன்றும் பெயரோடு நிற்கிறது. மறுஅடக்கம் ஆனவர்களுக்குக் கல் இல்லை.

இதை எழுதும்போது செங்கம் பக்கத்து நடுகற்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் மெய்க்கீர்த்திகள் ஒன்றும் ஹெரால்டுகளைவிட மேல் இல்லை. கொப்பத்தில் யானைமேல் துஞ்சிய இராசாதிராசனைத் தெரியும், அந்த யானைக்குக் கீழே துஞ்சியவர்களைத் தெரியாது. ஆனால் ஆடுமாடு கவர்ந்த ஊர்ச்சண்டையில், ஊர் எல்லையில் விழுந்தவனுக்கு ஊரே கல் நட்டது. அரசனின் ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டை, அவன் பெயர், கடைசியில் ‘பட்டான் கல்’. தூக்கிவந்தவர்களுக்கு முகம் தெரியும், கல் கொத்தியவனுக்குத் தகப்பன் பெயர் தெரியும். அடையாளம் காண ஒரு நிபுணரும் தேவைப்படவில்லை.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமை மந்தையைக் காக்கப் போய் விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனுடையது. வில்லும் வாளுமாக அவன் நிற்கிறான். அவன் பின்னால் ஒரு நாய். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் பெயர் கோவிவன் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.